நாலு மணி வெயிலில் ஒரு சில்வர் கதவு

கறுப்புக் கார்தான் கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். தூசி தெரியும், கீறல் தெரியும், பட்டி போட்ட இடம் அலையடித்துத் தெரியும். எல்லாம் உண்மைதான். ஆனால் டிங்கரிங் பட்டறையில் பெயிண்டரைக் கேட்டால் சில்வர் என்பார். சாதா வெள்ளைக் காரில் ஒரு கதவை மட்டும் அடித்துக் கொடுத்துவிட்டு அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். சில்வரில் அது நடக்காது.

இது எனக்குத் தெரியவந்தது என் காரின் இடது பின்கதவால். ஒரு தண்ணீர் லாரி உரசியதில் கதவு உள்ளே போய்விட்டது. முதலில் கண்ணாடி முகப்பு வைத்த பெரிய இடமொன்றில் விட்டேன். கம்ப்யூட்டரில் கலர் கோடு பார்த்து, கிராம் கணக்கில் கலந்து, இரண்டே நாளில் கொடுத்துவிட்டார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் பெட்ரோல் பங்க்கில் காற்று பிடித்த பையன் காரைச் சுற்றி வந்துவிட்டு, “கதவு மாத்துனீங்களா சார்?” என்றான். வெயிலில் அந்தக் கதவு வேறு யாருடைய காரிலிருந்தோ கழற்றி மாட்டியது போல இருட்டாக நின்றது.

சூத்திரம் சரி, கலந்ததும் சரி. சில்வர் என்பது நிறமே அல்ல என்பதுதான் சிக்கல். கண்ணுக்குத் தெரியாத அலுமினியத் துகள்கள் பெயிண்டுக்குள் படுத்துக் கிடக்கின்றன. ஈரமாக அடித்தால் அவை மூழ்கி, கண்டபடி சாய்ந்து நிற்கும். நிறம் இருண்டு தெரியும். உலர்வாக அடித்தால் மேலேயே தட்டையாகப் படுக்கும், வெளுத்துத் தெரியும். பெயிண்டர் ஸ்ப்ரே கன்னை எவ்வளவு தூரத்தில் பிடித்தார், கை எவ்வளவு வேகமாக ஓடியது, தின்னர் எவ்வளவு, அன்று வெயில் எப்படி, எல்லாமே நிறத்தை மாற்றும். ஒரே டின்னிலிருந்து இரண்டு பேர் அடித்தால் இரண்டு சில்வர் வரும். போதாததற்கு நேரே நின்று பார்த்தால் ஒன்று, பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் வேறொன்று.

நண்பர் ஒருவர் கோவை கணபதிப் பக்கம் ஒரு ஷெட்டுக்கு அனுப்பினார். தகரக் கூரை, மூன்று கார் நிற்கும் இடம், பிளாஸ்டிக் ஷீட் தொங்கவிட்ட ஒரு அறை. அதற்குப் பெயர் பூத். பெயிண்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கதவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. காரை வெயிலுக்குத் தள்ளச் சொல்லி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கதவோடு கன்னத்தை ஒட்டினாற்போல வைத்துப் பார்த்தார். “வண்டிய விட்டுட்டுப் போங்க. அடிக்கறது காலைல ஆறு மணிக்கு. காத்து எந்திரிக்கறதுக்குள்ள அடிக்கோணும்” என்றார். அது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பத்து மணிக்கெல்லாம் ஊரின் மண்ணை அள்ளிக்கொண்டு வந்துவிடும். கடைசியாக அடிக்கும் ஈரமான கிளியர் கோட்டில் ஒரு மணல் விழுந்தால் போதும்.

அடிப்பது நாலாம் நாள் வேலை. அதற்கு முன் மூன்று நாள் தேய்ப்புதான். பழைய பெயிண்டை உரித்து, டிங்கர் உள்ளிருந்து டோலி கொடுத்து வெளியே சுத்தியலால் தட்டித் தகட்டை முடிந்தவரை எடுத்தபின், மெல்லிய பட்டி. 80ஆம் நம்பர் பேப்பரில் தொடங்கி 120, 180, 320 என்று போகிறது. இந்த இடத்தில் அவர் செய்த ஒன்றை நான் மறக்கவில்லை. தோளில் கிடந்த துண்டைக் கதவின் மேல் விரித்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்தார். வெறும் தோல் தகட்டில் ஒட்டி இழுபடும். நடுவே துணி இருந்தால் கை வழுக்கிப் போகும், பள்ளம் மட்டும் தட்டுப்படும். கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். நான் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிரைமர் அடித்துக் காய்ந்ததும் அதன் மேல் கறுப்பைப் பூந்தூறலாகத் தூவி, கட்டை வைத்துத் தேய்த்தார்கள். கறுப்பு எங்கும் போய்விட்டது, அந்த வட்டம் போட்ட இடத்தில் மட்டும் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத் தங்கியிருந்தது. பள்ளம் அங்கேதான்.

அடிக்கிற அன்று தரையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள், வாசல் தெளித்தது போல. முதலில் சின்ன அட்டைகளில் அடித்துக் காட்டினார்: ஒன்று ஈரமாக, ஒன்று உலர்வாக, ஒன்று இடைப்பட்டதாக. மூன்றையும் வெயிலில் காரின் மேல் வைத்துப் பார்த்து இடைப்பட்டதை எடுத்துக்கொண்டார். கன்னுக்கும் கதவுக்கும் இடையே ஒரு சாண். மணிக்கட்டு மடங்கவே இல்லை. இடுப்பிலிருந்து உடம்பே கதவோடு நடந்தது. ஒரு வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூடியது. விசையை அவர் கதவுக்கு வெளியிலேயே அழுத்தினார், வெளியே போனபின்தான் விட்டார்.

அப்புறம் என் வயிற்றைக் கலக்கும் காரியம் ஒன்று செய்தார். அடிபடாத முன்கதவையும் பின்பக்கத் தகட்டையும்கூட நுண்ணிய பேப்பரால் மங்கலாக்கி வைத்திருந்தார். அவற்றின் மேலும் பெயிண்ட் போனது.

“அதுக்கு எதுக்குங்கண்ணா, அது நல்லாத்தானே இருக்குது?” என்றேன்.

“கதவோட நிறுத்துனா கோடு தெரியுமுங்க. கண்ணு அந்தக் கோட்டைத்தான் தேடும். தேடறதுக்கு ஒண்ணும் வெக்கக் கூடாது.”

அடிபட்ட கதவில் முழு சில்வர். பக்கத்துக் கதவில் பாதி தூரத்துக்குள் அது தேய்ந்து, புகையாகி, பழைய சில்வரில் கரைந்து போகிறது. கடைசியில் மூன்று தகடுகளுக்கும் ஓரம் முதல் ஓரம் வரை ஒரே கிளியர். இந்தக் கரைத்தல்தான் இந்தத் தொழிலின் உச்சம் என்பது என் கட்சி. எந்த இடத்தில் பழையது முடிந்தது என்று அடித்தவருக்கே மறுநாள் காட்டத் தெரியாது.

பெயரும் பகட்டும் இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கின்றன, தன்னைப் பார் என்று கூப்பிடும் வேலையில். அதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 1924 மாடல் ஓக்லண்ட் காருக்கு ஜெனரல் மோட்டார்ஸ் டூக்கோ என்ற லேக்கரை அடித்த பிறகுதான் வாரக்கணக்கில் காயவேண்டிய பெயிண்ட் மணிக்கணக்கில் காய்ந்தது, காருக்கு விதவிதமான நிறம் மலிவாகக் கிடைத்தது. (நம் ஊர்த் தச்சர்கள் அலமாரிக்கு அடிக்கும் பளபளப்பை இன்னும் ‘டூக்கோ’ என்கிறார்கள், எங்கிருந்து வந்த பெயர் என்று யாரும் கேட்பதில்லை.) அதன் பிறகு 1950களில் கலிஃபோர்னியாவில் ஜோ பைலன் கேண்டி ஆப்பிள் சிவப்பைக் கொண்டுவந்தார். மழை நனைத்த சாலையில் முன்னே போன காரின் பின்விளக்குச் சிவப்பு மின்னியதைப் பார்த்து அதைத் தேடத் தொடங்கினார் என்று கதை சொல்வார்கள். அடியில் தங்க நிறம். அதன் மேல் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் சிவப்பு, கோட் மேல் கோட்டாக. வெளிச்சம் சிவப்பைத் துளைத்துப் போய், தங்கத்தில் பட்டு, மறுபடி சிவப்பைத் துளைத்துத் திரும்புகிறது. அந்தச் சிவப்பு தகட்டின் மேல் இருப்பதாகத் தோன்றாது. ஜீராவுக்குள் கிடக்கும் செர்ரி மாதிரி உள்ளே எங்கோ இருக்கும்.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஜெஸ்ஸி வலடெஸ் வைத்திருந்த ‘ஜிப்சி ரோஸ்’, ஒரு 1964 இம்பாலா. இளஞ்சிவப்பு உடம்பு முழுக்கக் கையால் தீட்டிய ரோஜாக்கள். 2017இல் அமெரிக்காவின் வரலாற்று வாகனப் பதிவேட்டில் அதற்கு இடம் கிடைத்தது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன், நேரில் பார்த்தால் திகட்டுமோ என்னவோ. ஆனால் கேண்டி அடித்தவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஒவ்வொரு கோட்டும் நிறத்தை இன்னும் ஆழமாக்கும் என்பதால், வீச்சு ஓரிடத்தில் கூடினாலும் அங்கே வரி வரியாக இருண்டுவிடும். அடிபட்டால் கணபதி ஷெட்டின் கரைத்தல் வித்தையும் லேசில் செல்லாது; எத்தனை கோட், எவ்வளவு கனம் என்று அப்படியே திரும்ப வராது என்பதால் பெரும்பாலும் ஒரு பக்கம் முழுவதையும் புதிதாக அடிக்கவேண்டும்.

கோடு இழுப்பது இன்னொரு வகை வேலை. ரோல்ஸ் ராய்ஸ் காரின் நெடுக ஓடும் கோட்டை மார்க் கோர்ட் என்பவர் அணில் முடித் தூரிகையால் கையாலேயே இழுத்துவந்தார். முன்பு பெயர்ப்பலகை எழுதியவர். அதற்காக இங்கிலாந்து போகவேண்டியதில்லை. புல்லட் டேங்க்கின் தங்கக் கோடுகளைச் சென்னையில் கையால் இழுத்து வருபவர்கள் ஒரே குடும்பத்து ஆட்கள். இழைக்கோலம் போடுகிறவரின் விரலைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். மாவு நனைந்த துணியைப் பிழிந்தபடி விரல் நடுவில் நிற்காமல் போகிறது. நின்றால் அங்கே ஒரு பொட்டு. ஸ்டிக்கர் கோட்டுக்கு ஆரம்பமும் முடிவும் ஒரே கனம். கைக்கோட்டில் முனை ஊசியாக மெலியும். டேங்க்கில் அந்த முனையை நான் எப்போதும் குனிந்து பார்ப்பேன்.

என் கதவுக்கு வருகிறேன். கிளியர் இரண்டு கோட். ஹார்டனர் கலந்த கிளியரில் ஐசோசயனேட் உண்டு, நுரையீரலுக்கு ஆகாது. பெரியவர் முகமூடியுடன் நின்றார், கூட இருந்த பையன் கைக்குட்டையைக் கட்டியிருந்தான். இந்தத் தொழிலை ரசிக்கும்போதெல்லாம் அந்தக் கைக்குட்டை உறுத்துகிறது. மறுநாள் 2000ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பை எடுத்து, காம்பவுண்ட் போட்டு, நாலு மணி வெயிலில் காரை வெளியே தள்ளினார்கள். நேரே பார்த்தேன், சாய்ந்து பார்த்தேன், எதிர்ச் சாலைக்குப் போய்ப் பார்த்தேன். எந்தக் கதவு என்று எனக்கே ஒரு நொடி குழம்பியது.

மூன்று வருஷம் கழித்துக் காரை விற்றேன். வாங்க வந்தவர் பையிலிருந்து பெயிண்டின் கனத்தை அளக்கும் மீட்டரை எடுத்தார். வலப்பக்கம் முழுக்க 110, 115 மைக்ரான். இடது முன்கதவில் 180. பின்கதவில் 320, பட்டி இருந்த இடத்தில் 600க்கு மேல். “இது அடிச்ச வண்டி” என்று விலையில் எட்டாயிரம் குறைத்தார்.

அடுத்த முறை கணபதிப் பக்கம் போனபோது இதைச் சொன்னேன். பெரியவர் ஒரு பானெட்டில் துண்டை இழுத்துக்கொண்டிருந்தார்.

“மீட்டர் வெக்கறதுக்கு முன்னால கேட்டாருங்களா?”

“இல்லீங்கண்ணா.”

“எத்தன நேரம் பாத்தாரு?”

“ஒரு பத்து நிமிஷம், சுத்திச் சுத்தி.”

“செரி” என்று சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்து ஒரு வட்டம் போட்டார்.