கைப்பிடியைச் சுற்றியவரும் சைரந்திரியும்

தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம் ‘கீசக வதம்’. அதன் ஆண்டை 1917 என்றும் 1918 என்றும் சொல்கிறார்கள். எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். தயாரிப்பு, இயக்கம், ஒளிப்பதிவு மூன்றும் அவரே. படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. திரைவரலாறு இதை ஒரு சாதனையாகக் குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. நம் ஊரில் முதன்முதலாக ஒருவர் கேமராவின் கைப்பிடியைச் சுற்றிக் கதை சொன்னபோது, அதன் முன்னால் நின்ற கதை எது என்று நான் கேட்கிறேன். வேலைக்குப் போன இடத்தில் ஒரு பெண் துரத்தப்பட்ட கதை அது.

வேலூரில் பிறந்த நடராஜ முதலியார் சென்னையில் முதலில் சைக்கிளும் பிறகு அமெரிக்க மோட்டார் கார்களும் விற்றவர். ஃபால்கேயின் படங்களைப் பார்த்து ஆசை கொண்டு, பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் ஒளிப்பதிவு கற்றார். 1,800 ரூபாய்க்கு ஒரு வில்லியம்சன் கேமரா வாங்கினார். புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் இந்தியா ஃபிலிம் கம்பெனி எழுந்தது. மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் வழியே இறங்கிய வெயிலில்தான் படப்பிடிப்பு. நொடிக்கு 16 பிரேம்கள் பதியும்படி ஒரே சீராகக் கையால் சுற்ற வேண்டும். கை தளர்ந்தால் திரையில் மனிதர்கள் ஓட்டமெடுப்பார்கள். வேகம் கூடினால் நடை இழுபடும். சென்னை வெக்கைக்குப் பயந்து, எடுத்த சுருள்களைப் பெங்களூருக்குக் கொண்டுபோய்க் கழுவினார். இந்த உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உழைத்த கை எந்தப் பக்கம் நின்றது என்று பார்ப்பதும் விமர்சனத்தின் வேலைதான்.

இந்தக் கதையை யோசனை சொன்னவர் பம்மல் சம்பந்த முதலியார். முதல் படத்துக்கு ஏற்ற கதை இதுவல்ல என்று உறவினர் சிலர் தடுத்திருக்கிறார்கள். மக்களுக்குத் தெரிந்த கதை என்று நடராஜ முதலியார் பிடிவாதமாக இருந்தார். திரைக்கதைக்கு வழக்கறிஞர் ரங்கவடிவேலு உதவினார். காட்சிகளை அமைக்க ரவிவர்மாவின் ஓவியங்கள் துணை நின்றன. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1907இல், காடில்கர் மராத்தியில் இதே கதையை நாடகமாக்கியிருந்தார். அதில் கீசகன் என்றால் கர்சன் பிரபு, திரௌபதி என்றால் இந்தியா. ஆங்கிலேய அரசு அந்த நாடகத்தைத் தடை செய்தது. ஓவியத்தில் அழகாகவும் நாடகத்தில் தேசமாகவும் ஆகிவிட்டவள், வேலைக்காரியாக மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

பாரதத்தில் அவள் சைரந்திரி. ராணி சுதேஷ்ணைக்குக் கூந்தல் ஒப்பனை செய்பவள். ராணியின் தம்பி கீசகன் அவள்மேல் கண் வைக்கிறான். மது வாங்கி வரச் சொல்லி அவளை அவன் வீட்டுக்கு அனுப்புபவளே அந்த ராணிதான். தப்பி ஓடிவந்து விராடன் சபையில் விழுகிறாள். அங்கேயே அவளை உதைக்கிறான் கீசகன். அரசன் பேசாமல் இருக்கிறான். மாறுவேடம் கலைந்துவிடுமோ என்று தருமன் அவளை உள்ளே போகச் சொல்கிறான். அவளோ சபையை நேராகப் பார்த்து, இதுதான் உங்கள் நீதியா என்று கேட்கிறாள். என் வாசிப்பில் கதையின் உயிர் இந்த முறையீட்டில் இருக்கிறது. படத்தின் பெயரோ, இருட்டு மண்டபத்தில் இரண்டு ஆண்கள் மோதியதிலிருந்து வருகிறது.

மௌனப் படத்தில் அந்த முறையீடு என்னவாகியிருக்கும்? எழுத்து அட்டைகள் ஆங்கிலம், தமிழ், இந்தி என்று மூன்று மொழிகளில் இருந்தன. சபைக் காட்சியை அவர் எடுத்திருந்தாலும், அவள் நீண்ட வாதம் ஓரிரு வரியாகச் சுருங்கித்தான் ஓர் அட்டைக்குள் அடங்கியிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அதுவும். வேலூர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் இப்படி நடப்பதில்லை. அங்கே வேடம் கட்டுபவர் ஆண்தான். ஆனாலும் திரௌபதி விடிய விடியப் பாடுகிறாள், வாதாடுகிறாள், சபிக்கிறாள். துகிலுரியும் காட்சியில் துச்சாதன வேடக்காரர் புடவையைத் தொடுமுன் அம்மனிடம் மன்னிப்புக் கேட்பது கூத்து மரபு. கேமரா இத்தகைய மன்னிப்பு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ‘கீசக வத’த்துக்குப் பிறகு நடராஜ முதலியார் எடுத்த படங்களில் ஒன்று ‘திரௌபதி வஸ்திராபகரணம்’.

வட சென்னையில் நான் பாடம் நடத்தும் வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: “சபையில கேமரா எங்க இருந்திருக்கும் மேடம்? ராஜா பக்கமா, அவ விழுந்து கெடந்த பக்கமா?” காசிமேட்டுப் பெண் அவள். “எங்க தெருவுல ஷூட்டிங் வந்தா எங்கள ஓரம் கட்டிடுவாங்க. அப்புறம் எங்கள மாதிரியே புடவை கட்டி வேற யாரையோ நிக்க வெப்பாங்க” என்று சேர்த்துக்கொண்டாள்.

அவள் கேள்வி முக்கியமானது. அந்தக் கால ஒளிப்பதிவில் கேமரா பெரும்பாலும் ஒரே இடத்தில், காட்சிக்கு நேர் எதிரே, நாடகக் கொட்டகையின் முன்வரிசைப் பார்வையாளர் இடத்தில் நிற்கும். சபைக் காட்சிக்கு அப்படி நிறுத்தினால், அது பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த சபையோர் வரிசையில்தான் நிற்கும். பார்ப்பவர்களையும் அங்கேயே உட்கார வைக்கும். திரைப்படத்தில் பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுவது பெண் என்று லாரா மல்வி 1975இல் எழுதினார். ‘கீசக வத’த்தை வைத்து நான் ஒன்றைக் கூட்டிச் சொல்வேன்: கீசகனின் கண்ணைக் கண்டிக்கும் படம்கூட, வாய் மூடிய சபையின் கண்ணால் எடுக்கப்பட முடியும். வில்லன் செத்ததும் நம் மனம் ஆறிவிடுகிறது. அனுப்பிவைத்த முதலாளியம்மாவும் தலைகுனிந்த சபையும் எந்த வதமும் இல்லாமல் வீட்டுக்குப் போகிறார்கள்.

டி.பி. ராஜலக்ஷ்மி ‘மிஸ் கமலா’வை இயக்கியது 1936இல். பி.ஆர். விஜயலக்ஷ்மி ‘சின்னவீடு’ படத்தின் ஒளிப்பதிவாளராக நின்றது 1985இல். நடராஜ முதலியார் கைப்பிடியைச் சுற்றியதற்கும் இதற்கும் இடையே 67 ஆண்டுகளுக்கு மேல். பெண் கேமராவுக்குப் பின்னால் வந்ததாலேயே சபையின் கண் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. விழுந்து கிடப்பவளின் பக்கத்திலிருந்து அந்தச் சபையைப் படம் எடுத்தால், யார் யார் குனிந்துகொண்டார்கள் என்பது தெரியும். ராயபுரத்திலிருந்தும் எண்ணூரிலிருந்தும் விடியலில் பிறர் வீட்டுக்கும் ஆலைக்கும் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அந்த முகங்கள் புதியவை அல்ல. தொலைந்துபோன அந்தச் சுருளில் நமக்கு வேண்டியிருந்த காட்சி அதுதான். அதை இனிமேல்தான் எடுக்க வேண்டும்.