காடு என்னும் சொல்: தோட்டப்புறப் புனைவுகளை முன்வைத்து

மலேசியத் தமிழ்ப் புனைவுகளில் ‘காடு’ என்பது பெரும்பாலும் மழைக்காட்டைக் குறிப்பதில்லை. தோட்டத் தொழிலாளர் வழக்கில் பால்மரம் நின்ற இடமும் காடு. செம்பனை நின்ற இடமும் காடு. 1970களில் மலேசியத் தோட்ட வாழ்வை நாவலாக்கிய தமிழகத்து அகிலனும் தம் நூலுக்குப் ‘பால்மரக் காட்டினிலே’ என்றே பெயரிட்டார். விடியற்கருக்கலில் நிரை பிடித்துப் பால் வெட்டச் சென்றவர்க்கு அது காடாகவே தோன்றியிருக்கும். ஆயினும் இவ்வழக்கு, அதற்கு முன்பிருந்த காட்டை நம் பார்வையினின்றும் மறைத்துவிட்டது என்பதே நம் கருத்து.

பேராக் மாநிலம் இதற்குத் தக்க சான்று. 1877இல் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அடுத்த நூற்றாண்டில் தாழ்நிலக் காடுகள் பல இரப்பர்த் தோட்டங்களாயின; அவற்றுட் பல பின்னர்ச் செம்பனைக்கு மாறின. நாள்தோறும் மரம் சீவப் பலர் வேண்டியிருந்த இடத்தில் குலை வெட்டச் சிலரே போதுமென்றாயிற்று. லயங்கள் வெறிச்சோடின, குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களை நாடின. இவ்விழப்பை நம் படைப்பாளர் உருக்கமாகவே எழுதியுள்ளனர். ஆனால் அம்மாநிலத்துக் காடுகளைச் சார்ந்து வாழ்ந்த செமாய், தெமியார் பூர்வகுடியினர் அப்புனைவுகளில் அரிதாகவே தோன்றுகின்றனர்.

காட்டை அழிக்கும் முடிவு தொழிலாளருடையதன்று, நிலமும் அவர்களுடையதன்று. எனினும், மரமும் விலங்கும் மக்களும் ஒருங்கே அமைந்ததை நிலத்தின் கருப்பொருளாகக் கண்டது நம் திணை மரபு. கருப்பொருள் ஒரே மரமாகச் சுருங்கிய நிலத்தைக் காடென்று கற்பிக்கும்போது, முன்பு அங்கு நின்றவை எவை, வாழ்ந்தவர் எவர் என்னும் வினாக்களையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். அவ்வினாக்கள் தொழிலாளர் துயரைக் குறைப்பதில்லை; நிலமிழந்தோர் வரிசையில் அவர்தம் இடத்தை இன்னும் துல்லியமாகக் காட்டும்.