தனியே பழகிய கை

வின்சென்ட் வான்கோ ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880இல், 27 வயதில். படக்கடை வேலை, ஆசிரியர் வேலை, மதப்பிரசாரம் மூன்றும் கைகூடவில்லை. பெல்ஜியத்துச் சுரங்க வட்டாரத்தில் ஒரு தொழிலாளி வீட்டில் தங்கி, சார்ல் பார்கின் பயிற்சித் தாள்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். கரிக்கோல் தொகுப்பில் மட்டும் 60 தாள்கள். மூலம் பக்கத்திலேயே இருப்பதால் கோடு எங்கே தவறியது என்பது உடனே தெரிந்துவிடும். ஆசிரியர் இல்லாதவருக்கு இது பெரிய துணை.

தனிப்பயிற்சியின் உண்மையான பலம், வராத ஒன்றை வரும்வரை விடாமல் பிடித்திருக்க முடிவதுதான். வகுப்பறை அடுத்த பாடத்துக்குப் போய்விடும். வான்கோ போகவில்லை. தொலைவைக் காட்டுவது பிடிபடாதபோது, மரச்சட்டத்தில் நூல் கட்டிய கருவி ஒன்றைச் செய்யச் சொல்லி, அதன் வழியாகக் காட்சியைப் பார்த்து வரைந்தார். நியூனென் கிராமத்தில் குடியானவர்களின் முகங்களையே குளிர்காலம் முழுக்கத் தீட்டினார். நிறச் சேர்க்கையைப் பழக அவர் வைத்திருந்த சிவப்பு அரக்குப் பெட்டியும் அதிலிருந்த கம்பளி நூல் உருண்டைகளும் இன்றும் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரண்டு நிற இழைகளைச் சேர்த்து முறுக்கிப் பார்த்தால், எதன் அருகில் எது எடுப்பாகத் தெரியும் என்பது சாயத்தைத் தொடாமலே விளங்கிவிடும்.

ஆனால் தன் பிழை தன் கண்ணுக்குப் பழகிப்போகும். 1885இல் வான்கோவின் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ ஓவியத்தின் கல்லச்சுப் பிரதியைப் பார்த்த நண்பர் வான் ராப்பார்ட், வலப்பக்க மனிதரின் முழங்காலும் வயிறும் எங்கே, கை ஏன் இவ்வளவு குட்டை என்று கடுமையாக எழுதினார். வான்கோ கொதித்துப் போனார், நட்பே முறிந்தது. உடற்கூறு பற்றி ராப்பார்ட் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த முரட்டு உருவங்களில் இருந்த உயிர் மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

இதைவிடப் பெரிய குறை நிறத்தில் இருந்தது. பாரிஸின் புதிய ஓவியர்களைப் பற்றித் தம்பி தியோ கடிதத்தில் எழுதியும், நியூனெனில் தீட்டியவை மண்ணும் புகையுமாகவே இருந்தன. 1886இல் பாரிஸ் போய் அந்தப் படங்களை நேரில் பார்த்த பிறகே வெளிச்சம் வந்தது. பூக்களாகத் தீட்டித் தீட்டி நிறத்தைப் பழகினார். எத்தனை உழைத்தாலும், கண்ணால் காணாத ஒரு சாத்தியத்தைத் தனியறைப் பயிற்சி கொண்டுவந்து தராது.

எனவே, யாருடைய துணையும் இல்லாமல் தானே கற்றவர் என்று வான்கோவை எடுத்துக்காட்டுவது சரியல்ல. உறவினர் அன்டன் மோவ் நீர்வண்ணம் சொல்லிக்கொடுத்தார். ஆண்ட்வெர்ப் கலைக்கழகத்திலும் பாரிஸில் ஓவியர் கோர்மோனின் பயிற்சிக் கூடத்திலும் சில காலம் பயின்றார். சாயத்துக்கும் ஓவியத் துணிக்கும் சாப்பாட்டுக்கும் தியோ மாதாமாதம் பணம் அனுப்பினார். அந்த விடாமுயற்சியைப் போற்றுபவர்கள் இந்தப் பணத்தையும் கணக்கில் சேர்த்தே பேச வேண்டும்.