துறட்டியும் உரையும்

பிழைபடப் பாடுகிறவன் தலையில் குட்டப் பிள்ளைப் பாண்டியன் இல்லை. காதை அறுக்க வில்லிபுத்தூரார் இல்லை. தலையை வெட்ட ஒட்டக்கூத்தர் இல்லை. ஆகவே யார் வேண்டுமானாலும் கவி பாடித் திரியலாம் என்று நொந்துகொள்ளும் பழைய தனிப்பாடல் ஒன்று உண்டு. நம் விமரிசகர்களில் பலருக்கு இந்தப் பாட்டின் மேல் தனிப் பிரியம். இலக்கியம் கெட்டுப் போய்விட்டது என்று பேச்சு வந்தால் உடனே இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். அப்படிப் பெருமூச்சு விடுகிறவர் எவரும் தம் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் கண்டதில்லை.

இந்த மூவரில் வில்லிபுத்தூராரின் கதை திருவண்ணாமலையில் போய் முடிகிறது. கர்ண பரம்பரைக் கதைதான்; சரித்திரம் என்று நான் சாதிக்கப் போவதில்லை. வாதுக்கு வந்து தோற்கும் புலவர்களின் காதைத் துறட்டி போட்டு அறுத்துக்கொண்டிருந்தார் வில்லி. அவரோடு அருணகிரிநாதர் பந்தயத்துக்கு உட்கார்ந்தார். அருணகிரிநாதர் கந்தரந்தாதியை ஒவ்வொரு பாட்டாகப் பாட வேண்டும். வில்லி உடனுக்குடன் உரை சொல்ல வேண்டும். ஐம்பத்து மூன்று பாட்டுக்கும் தடையில்லாமல் உரை வந்தது. ஐம்பத்து நாலாவது, முழுவதும் தகர வர்க்க எழுத்துக்களாலேயே ஆனது. வில்லியின் வாய் அடைத்துப் போயிற்று. அருணகிரிநாதர் அவர் காதை அறுக்கவில்லை. தாமே அந்தப் பாட்டுக்குப் பொருள் சொல்லி, இனி யார் காதையும் அறுக்காதீர் என்று கேட்டுக்கொண்டார். ‘கருணைக்கு அருணகிரி’ என்ற பேச்சு அப்படித்தான் வந்தது என்பார்கள்.

கதை சொல்கிறவர்கள் எல்லாரும் அந்தக் கருணையில் உருகி நின்றுவிடுகிறார்கள். எனக்கோ பந்தயத்தின் நிபந்தனைதான் பெரிதாகப் படுகிறது. முதலில் உரை சொல். பிறகு பார்க்கலாம் காதை. எதிரே இருப்பவன் என்ன சொல்லியிருக்கிறான் என்பதைச் சொல்ல முடியாதவனுக்குத் துறட்டியைத் தொட உரிமையில்லை. இன்று இந்த நிபந்தனையை வைத்தால் எத்தனை மதிப்புரைகள் தேறும்? அட்டையையும் முன்னுரையையும் பார்த்துவிட்டு அறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதே இரண்டைப் பார்த்துவிட்டு மாலை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே சோம்பல்தான்.

இன்னொன்று. இந்தக் காதறுப்பு வில்லிதான் பாரதம் பாடிய வில்லி. பதினேழாம் நாள் போரில், மார்பில் அம்பு தைத்து விழுந்து கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் வேதியனாக வந்து யாசிக்கிறான். தான் செய்த புண்ணியம் அனைத்தையும், காயத்தில் வழியும் உதிரத்தையே தாரை நீராக வார்த்துக் கொடுக்கிறான் கர்ணன். பிறகு வரம் கேட்கச் சொன்னபோது, மறுபிறவி உண்டானால் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாத மனம் வேண்டும் என்கிறான். வியாசரிடம் இந்தக் காட்சி கிடையாது. சாகும் தறுவாயில் ஒருவன் வந்து கேட்டால் இந்த மனிதன் என்ன செய்வான் என்ற கேள்வியைக் கர்ணனுக்குள் புகுந்து கேட்டவனுக்குத்தான் இது கிடைக்கும். பாத்திரத்துக்கு உரை கண்டவன் அவன். பாட்டுக்கு உரை காண்பதும் பாத்திரத்துக்கு உரை காண்பதும் ஒரே சக்தியின் காரியம் என்றே எனக்குத் தோன்றுகிறது. எதிராளியின் காது என்று வரும்போது மட்டும் அந்தச் சக்தி எங்கே போயிற்றோ!

நம் காலத்துக்கு அருகில் வந்தால், 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். 1970 வரை அதைத் தூக்கிச் சுமந்தார். விமரிசனத்துக்கென்று இடம் ஒதுக்கிய பத்திரிகை அது. க. நா. சு. தம் ரசனையை நம்பி, இது நல்லது, இது அல்ல என்று பட்டியல் போட்டார். செல்லப்பா வரிவரியாக அலச வேண்டும் என்றார். இருவரும் இதில் ஒத்துப் போகவில்லை. பட்டியல் வாசகனுக்கு உபகாரம், சந்தேகமில்லை. ஆனால் எழுதுகிறவனுக்கு, பட்டியலில் தன் பெயர் இருக்கிறது அல்லது இல்லை என்பதைத் தவிர அதில் ஒன்றும் கிடைக்காது. அலசல் சில சமயம் அலுப்பூட்டும், செல்லப்பாவினுடையதும் அலுப்பூட்டியதுண்டு. என்றாலும் அடுத்த கதையை எழுத உட்காருகிறவனுக்கு அதுதான் கையில் நிற்கும்.

திருவண்ணாமலைக்காரரான இளைஞர் ஒருவர் சிறுகதை ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். அவர் ஊர்க் கதைதான். சைவ எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தில் வல்லாள மகாராஜன் வருகிறான். பிள்ளையில்லாத ராஜா. சிவபெருமான் சங்கமர் வேடத்தில் வந்து தாசி ஒருத்தி வேண்டும் என்கிறார். ராஜா வாக்குக் கொடுத்துவிடுகிறான். ஊரில் ஒரு தாசியும் ஓய்வாயில்லை. இளைய ராணி சல்லமாதேவி போகிறாள். அவள் தொட்டதும் கிழவர் குழந்தையாகிறார், பிறகு மறைந்துவிடுகிறார். ஹொய்சள ராஜா மூன்றாம் வல்லாளன் 1342-43 வாக்கில் மதுரை சுல்தானின் கையில் மாண்டான் என்கிறது சரித்திரம். அவனுக்கு மகன் முறையில் அண்ணாமலையார் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுப்பது இன்றும் நடக்கிறது.

இளைஞரின் கதையில் சல்லமாதேவி புன்னகை செய்து, கணவனை வணங்கிவிட்டு நடந்தாள். காவியம் என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்களாம்.

“தம்பி, ராஜா கேட்டாரா, அவளாகச் சொன்னாளா? மூத்தவள் இருக்க இவள் ஏன் போனாள்?” என்றேன்.

“அவள் பதிவிரதை, ஐயா. அவளுக்கு அந்த யோசனையெல்லாம் வருமா?”

“வராவிட்டால் அவள் கொடுத்தது என்ன?”

முகம் சுண்டிப் போயிற்று. கதை பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுங்களேன் என்றார். அவர் எழுதியதையே பக்கம் பக்கமாக அவருக்குத் திருப்பிச் சொன்னேன். நாலு பக்கம் சொல்ல முடிந்தது. அந்த நாலும் நன்றாகவே இருந்தன. ஐந்தாம் பக்கத்தில், ராணி எழுந்து நடக்கும் இடத்தில், எனக்கு உரை ஓடவில்லை. நீங்கள் சொல்லுங்கள் என்றேன். அவராலும் சொல்ல முடியவில்லை. ஐம்பத்து நாலாம் பாட்டுக்கு அருணகிரிநாதரிடமாவது பொருள் இருந்தது.

சில மாதங்களுக்குப் பிறகு கதை தபாலில் திரும்பி வந்தது. இப்போது சல்லமாதேவி பணிப்பெண்களுக்குக் கேட்கக்கூடாதென்று சிலம்பைக் கழற்றிக் கணவன் கட்டிலருகே வைத்துவிட்டுப் போகிறாள். ராஜா இரவெல்லாம் அந்தச் சிலம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அசந்து போனேன். ஆனால் கடைசி இரண்டு பக்கம் இன்னமும் புராணத்திலிருந்து எடுத்து ஒட்டியவை. ஜோதியும் பூமாரியுமாக ஒரே கோலாகலம். கையில் பிள்ளையை ஏந்தி, ஏந்திய கையிலேயே அதை இழந்தவளுக்கு அரை வாக்கியந்தான். இரண்டையும் எழுதி அனுப்பினேன். அடுத்த மாசி மகத்துக்குள் அனுப்புகிறேன் என்று பதில் போட்டிருக்கிறார்.