தலைமையகம் இல்லாத ரசிகர்கள்

1926-இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழ், வாசகர் கடிதங்களை எழுதியவரின் முகவரியோடு அச்சிட்டது. வாசகர்கள் ஒருவருக்கொருவர் நேரடியாகவே எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் அறிவியல் புனைகதை ரசிகர் உலகம் உருவான வழி அது.

பிறகு அவர்களே இதழ் போட்டார்கள். சிலருக்கு ஜெலட்டின் தட்டுதான் அச்சகம். ஊதா மையில் எழுதிய தாளை ஜெலட்டின்மேல் அழுத்தி எடுத்துவிட்டு, வெற்றுத்தாள்களை ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். சில பத்துப் பிரதிகளிலேயே எழுத்து மங்கிவிடும். அந்தச் சில பத்துப் பேருக்காகத்தான் அவ்வளவு உழைப்பும்! சூப்பர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகலும், எழுத்தாளர் ரே பிராட்பரியும் இளவயதில் சொந்த இதழ் நடத்தியவர்கள்தான்.

1937-இல் டொனால்ட் வோல்ஹெய்ம் தொடங்கிய ‘ஃபாப்பா’ என்ற ரசிகர் இதழ்ச் சங்கம் இன்னும் அழகான ஏற்பாடு. உறுப்பினர்கள் தங்கள் இதழின் பிரதிகளை ஒருவருக்கு அனுப்புவார்கள். அவர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி எல்லோருக்கும் அனுப்புவார். அவருக்கு வேலை தபால் கட்டுவது மட்டுமே, எதையும் வெட்டுவதல்ல.

வேறு விதமான உலகங்களைக் கற்பனை செய்யும் இலக்கியத்துக்கு ஒற்றை அதிகாரம் பொருந்தாது. இன்று மையமில்லாத இணையக் குழுக்களில் இந்த ரசிகர்கள் இயல்பாகப் பொருந்துவதும் அதனால்தான். உங்களுக்குப் பிடித்த ஒரு கதையைப் பற்றி நீங்களும் நாலு பேருக்கு எழுதுங்கள். அனுமதி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.