மூன்று நிமிஷம்

செத்துப் போன பாத்திரங்களைத் திரும்பவும் பிழைக்க வைக்கும் கதாசிரியர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அந்தக் குற்றத்தை நானே ஒரு தடவை செய்திருக்கிறேன். கோபத்துக்கு அதுதான் காரணமோ என்னவோ. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். இப்போது கோபத்தைக் கிளப்பிவிட்டது ஒரு ஜப்பானியச் சித்திரப் படம்.

படத்தின் பெயர் 'டிராகன் பால் இசட்: ரிசரெக்‌ஷன் எஃப்'. 2015 ஏப்ரலில் ஜப்பானில் வெளியானது. டைரக்டர் டடயோஷி யமமுரோ. கதையும் வசனமும் அகிரா டொரியாமா. எங்கள் வீட்டில் 13 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். மாதக் கணக்காக என்னைத் துளைத்துக் கொண்டிருந்தான். "ஒரே ஒரு தடவை பாருங்கப்பா. பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க" என்றான். நியாயமான பேச்சு. பார்த்தேன். இப்போது திட்டவும் போகிறேன். ஆனால் அவன் எதிர்பார்த்த காரணத்துக்காக அல்ல.

டொரியாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஷோனென் ஜம்ப்' என்னும் வாரப் பத்திரிகையில் 1984 முதல் 1995 வரை இந்தச் சித்திரக் கதையை அவர் எழுதி, வரைந்து வந்தார்; மொத்தம் 519 அத்தியாயங்கள். வாரம் ஒரு அத்தியாயம் எழுதுவது என்றால் என்ன என்பதை நான் அறிவேன். அதற்குப் படமும் சேர்த்து வரைவது என்றால், கேட்கும் போதே கை வலிக்கிறது. 2024 மார்ச்சில், 68-ஆவது வயதில் அவர் காலமானார்.

கதாநாயகன் பெயர் கோக்கு. யுவான் சுவாங் என்று சரித்திரப் பாடத்தில் படித்திருக்கிறோமே, அந்தப் பிக்ஷு இந்தியாவுக்கு வந்த யாத்திரையைச் சீனத்தில் பெரிய கதையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் அவருக்குத் துணையாக வரும் குரங்கு வீரனின் பெயரைத்தான் ஜப்பானிய உச்சரிப்பில் இவனுக்கு வைத்தார் டொரியாமா. மற்றப் பெயர்களில் பல சமையலறையிலிருந்து வந்தவை. கோக்குவின் குலத்துக்கு ஸையன் என்று பெயர்; காய்கறியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லின் எழுத்துக்களைப் புரட்டிப் போட்டது. அந்தக் குலத்து இளவரசன் வெஜிட்டா. வில்லன் ஃபிரீஸா, நம் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டியாகும் அறைதான். அவனுடைய சேனாதிபதி சார்பே, ஒரு தினுசு ஐஸ் பண்டம். உலகத்தை அழிக்க வருகிறவனுக்கு ஐஸ்பெட்டியின் பெயரை வைக்கிற மனிதரிடம் எனக்கு ஒரு மரியாதை உண்டாயிற்று.

ஃபிரீஸாவின் தொழில், கிரகங்களில் குடியிருப்பவர்களை ஒழித்துவிட்டுக் காலியான கிரகங்களை நல்ல விலைக்கு விற்பது. 1980-களில் ஜப்பானில் நில விலை ஏறியபோது, குடித்தனக்காரர்களை மிரட்டி விரட்டி மனைகளைக் காலி செய்வித்த தரகர்களை மனத்தில் வைத்தே இவனைப் படைத்ததாக டொரியாமா சொல்லியிருக்கிறார். ஆகையால் இவன் கத்துவதில்லை. மிகவும் மரியாதையாக, பத்திரம் எழுத வந்தவன் மாதிரிப் பேசுவான்.

இந்தப் படையெடுப்புக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி வேறு. பூமியைக் காக்க நிற்பவர்களில் முக்கியமான மூவர் பூமியைச் சேர்ந்தவர்களே அல்ல. கோக்கு, இந்தப் பூமியை அழிப்பதற்காகக் குழந்தையாக அனுப்பப்பட்டவன். சிறு வயதில் தலையில் அடிபட்டு, வந்த காரியத்தை மறந்து போனான். வெஜிட்டா, பிற்பாடு படையெடுத்து வந்து, தோற்று, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு குடித்தனக்காரனானவன். பச்சை நிறப் பிக்கோலோவின் பூர்வீகம் நமேக் என்னும் இன்னொரு கிரகம். கோக்குவும் வெஜிட்டாவும் பிறந்த கிரகத்தை வெடிக்க வைத்தவனே ஃபிரீஸாதான். கோக்குவுக்கு அந்த ஊர் நினைவே இல்லை. வெஜிட்டாவுக்கு நினைவு இருக்கிறது. இந்த வித்தியாசத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

படத்தின் கதை சுருக்கமானது. முன்பு கொல்லப்பட்டு நரகத்தில் கிடக்கும் ஃபிரீஸாவை, சார்பே பூமிக்கு வந்து டிராகன் பந்துகளின் வரத்தால் உயிர்ப்பிக்கிறான். துண்டு துண்டாக வெட்டப்பட்டுச் செத்தவன் ஆகையால் துண்டு துண்டாகவே வந்து விழுகிறான்! ஏழு பந்துகளையும் சேர்த்தால் கேட்ட வரம் கிடைக்கும் என்பது இந்தக் கதையின் சட்டம். இதுவரை அந்த வரத்தால் கதாநாயகனின் ஆட்கள்தான் எத்தனையோ முறை செத்துப் பிழைத்திருக்கிறார்கள். இந்த முறை வில்லன் பிழைக்கிறான். பந்துக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சாவை இத்தனை வருஷம் விளையாட்டாக்கிய கதாசிரியர் கடைசியில் கணக்குத் தீர்க்க உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணினேன்.

ஃபிரீஸா நாலு மாதம் பயிற்சி செய்துவிட்டு 1,000 போர்வீரர்களுடன் வந்து இறங்குகிறான். கோக்குவும் வெஜிட்டாவும் அப்போது ஊரில் இல்லை. விஸ் என்னும் ஆசானிடம் தெய்வலோகத்தில் பாடம் கேட்கிறார்கள். அதனால் மற்றவர்கள் எதிர்த்து நிற்கிறார்கள். படத்தில் உண்மையான குஸ்தி ரஸம் இங்கேதான் இருக்கிறது. கிழட்டு குரு ஒருவர் சேற்றில் இறங்குகிறார். க்ரில்லின் என்பவன் போலீஸ்காரன். யுத்தத்துக்குப் புறப்படுமுன் மனைவியை அழைத்துத் தலையை மொட்டையடித்து விடச் சொல்கிறான். சண்டைப் படத்தில் ஒரு மனைவி புருஷன் தலையைச் சிரைத்து அனுப்பும் காட்சியை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. பயத்தை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

பிறகு கதாநாயகர்கள் வந்து சேர்கிறார்கள். படம் தூங்கி விடுகிறது. இவன் தலைமயிர் நீலமாகிறது. அவன் உடம்பு தங்கமாகிறது. குத்துகிறார்கள், விழுகிறார்கள், எழுந்து மறுபடியும் குத்துகிறார்கள். சில இடங்களில் கம்ப்யூட்டரில் செய்த பொம்மைகள் சண்டை போடுவது அப்பட்டமாகத் தெரிகிறது. இந்தப் பகுதியில் நான் காதைத்தான் தீட்டிக் கொண்டேன். கோக்குவுக்குக் குரல் கொடுத்திருப்பவர் மஸாகோ நொஸாவா என்ற அம்மாள். 1936-இல் பிறந்தவர். படம் வந்தபோது 78 வயது. அண்டம் அதிர அந்த வீரன் போடும் கர்ஜனை ஒரு பாட்டியின் தொண்டையிலிருந்து வருகிறது என்று பையன் சொன்னபோது நான் நம்பவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விஸ் பாடம் சொல்லும்போதே இரண்டு பேருடைய குறைகளையும் எடுத்துக் காட்டி விடுகிறான். வெஜிட்டா சதா விறைப்பாக இருக்கிறவன், அதிகம் யோசிக்கிறான். கோக்கு தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அசட்டையாக நின்று விடுகிறான். சொன்னபடியே ஆகிறது. எதிரியைத் தளர வைத்த பிறகு கோக்கு அசட்டையாக நிற்கையில், சார்பே ஒளிந்திருந்து சுட்டு அவனைச் சாய்க்கிறான். பிறகு வெஜிட்டா போரை ஏற்கிறான். தன் நாட்டை அழித்தவன் தங்க நிறம் போய்த் தரையில் கிடக்கிறான். இத்தனை வருஷம் காத்திருந்த நிமிஷம் வெஜிட்டாவுக்குக் கைகூடி வருகிறது. அந்த நிமிஷத்தில் ஃபிரீஸா தரையில் கையை வைக்கிறான். பூமி வெடித்துச் சிதறுகிறது.

வெஜிட்டா போனான். உலகம் போயிற்று. விஸ் காப்பாற்றிய ஒரு துண்டு நிலத்தின் மேல் கோக்குவும் ஏழெட்டுப் பேரும் வெற்றுவெளியில் நிற்கிறார்கள். க்ரில்லின் அங்கே இருக்கிறான்; காலையில் அவன் தலையைச் சிரைத்து அனுப்பியவள் அங்கே இல்லை. முன்பே முடித்திருக்க வேண்டும் என்று கோக்கு வருந்துகிறான். நமேக் கிரகத்தில் இதே ஃபிரீஸா தோற்றுக் கிடந்தபோது உயிர்ப்பிச்சை கொடுத்தவன் இவன். ஆயுதம் இழந்து நின்ற ராவணனை ராமன் மறுநாள் வரச் சொல்லி அனுப்பினான். அது தர்மம். கோக்குவின் தயவில் தர்மம் பாதி, இன்னொரு நாள் இன்னொரு நல்ல சண்டை கிடைக்குமே என்ற ஆசை பாதி. அந்த ஆசைக்கு ஒரு கிரகமே விலையாயிற்று. சிறுவர்களுக்கான குத்துச்சண்டைப் படத்தில் இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்து நிறுத்துவது லேசான காரியமல்ல.

அடுத்த காட்சியில் விஸ் காலத்தைப் பின்னுக்குத் தள்ளி விடுகிறான். மூன்று நிமிஷம். பூமி ஒட்டிக் கொள்கிறது. வெஜிட்டா முழுசாக நிற்கிறான். கோக்கு பாய்ந்து போய் ஃபிரீஸாவை எரித்துச் சாம்பலாக்குகிறான். தன் இரையைப் பிடுங்கிக் கொண்டானே என்று வெஜிட்டா சீறுகிறான். பாவம், அவன் செத்துப் போயிருந்தது அவனுக்கே தெரியாது. நாட்டைப் பறிகொடுத்தவனுக்குப் பழிக்குப் பழியும் இல்லை, தன் சாவும் இல்லை. இரண்டையும் கதாசிரியர் ஒரே காட்சியில் பறித்துக் கொண்டார்.

இனி என் கதை. சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் எழுதிய தொடர்கதையில், 17-ஆவது வாரம் ஒருவனைப் பரிசலோடு ஆற்றில் மூழ்கடித்தேன். கதைக்கு அது வேண்டியிருந்தது. கடிதங்கள் வந்து குவிந்தன. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுக் காப்பி வாங்கிக் கொடுத்தார். 20-ஆவது வாரம் என் ஆள் ஒரு மீனவக் குடிசையில் கண் விழித்தான். எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் ஒரு தபால் கார்டு வந்தது. எழுதியிருந்த அம்மாளின் கணவர் ஆற்றோடு போனவராம். 17-ஆவது வாரத்தைப் படித்துவிட்டு அன்று ராத்திரிதான் பல வருஷங்களுக்குப் பிறகு வாய்விட்டு அழுதாராம். "உங்கள் ஆள் திரும்பி விட்டார். நல்லது" என்று முடித்திருந்தார். நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆகவே டொரியாமாவைத் திட்டும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் போகிறது. வாரா வாரம் பதினோரு வருஷம் வாசகனோடு குடித்தனம் நடத்தியவருக்கு, அவனை அழ வைத்தே அனுப்ப மனம் வந்திராது. இருந்தாலும் அந்த மூன்று நிமிஷத்தை மூன்று மாதமாக்கியிருக்கலாம். க்ரில்லின் ஒரே ஒரு ராத்திரியாவது அந்தத் துண்டு நிலத்தில் விழித்துக் கிடந்திருக்கலாம்.

கடைசியில் ஃபிரீஸா பழையபடி நரகத்துக்குப் போகிறான். அங்கே அவனை ஒரு மரத்தில் கூடு போலச் சுற்றித் தொங்க விட்டிருக்கிறார்கள். எதிரே குட்டித் தேவதைகளும் பஞ்சு பொம்மைகளும் ஓயாமல் வாத்தியம் வாசித்து ஊர்வலம் போகின்றன. இதைவிடக் கொடிய நரகத்தை எந்தப் புராணத்திலும் படித்ததில்லை. நான் வாய்விட்டுச் சிரித்து, "இவன் ஒருத்தனாவது செத்தவன் செத்தவனாகவே இருக்கிறானே, அந்த மட்டும் சரி" என்றேன்.

பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "இல்லப்பா, 2018-ல அவனையும் எழுப்பிட்டாங்க. எழுப்பினதே விஸ்தான்" என்றான்.