சாய்ப்புக் கூரையின் சரிவும் கைப்பேசி மட்டமும்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா மாவட்டத் தோட்டங்களில் லயத்து வீட்டின் பின்புறம் நீட்டப்படும் சமையற்கட்டுக்கும், பட்டணத்துத் தாமான் வீடுகளில் பின்னால் சேர்க்கப்படும் அறைக்கும் பெரும்பாலும் ஒரே பக்கம் தாழும் தகரக் கூரையே போடப்படுகிறது. சாய்ப்பு எனப்படும் இக்கூரையின் சரிவை அளக்க, ஐபோனின் ‘மெஷர்’ செயலியிலுள்ள ‘லெவல்’ பகுதி எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பது ஆராயத்தக்கது. 2013இல் ஐஓஎஸ் 7 உடன் திசைகாட்டிச் செயலிக்குள் வந்த இவ்வசதி, 2018இல் ‘மெஷர்’ செயலிக்கு இடம் மாறியது.

கைப்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானி, அதாவது புவியீர்ப்பு இழுக்கும் திசையை உணரும் நுண்கருவி, கைப்பேசியின் விளிம்பு கிடைமட்டத்திலிருந்து எத்தனை பாகை சாய்ந்துள்ளது என்று காட்டுகிறது. நெளி தகரத்தின் மீது நேரடியாக வைப்பதைவிட, தகரத்தைத் தாங்கும் கைமரத்தின் அடிப்பக்கத்தில் நேரான நீண்ட பலகையை அழுத்திப் பிடித்து, பொத்தான்களின் புடைப்பு படாதவாறு கைப்பேசியின் விளிம்பை அதில் பொருத்துவதே சரியான முறை. ஒரு சாண்கூட நீளமில்லாத கருவி, மரம் நடுவில் தொய்ந்திருந்தால் அந்தத் தொய்வையே சரிவாகக் காட்டிவிடும்.

சரிவு என்பது ஏற்றத்தைக் கிடைநீளத்தால் வகுத்து வரும் எண். அதுவே கோணத்தின் டேன்ஜென்ட். சமையற்கட்டின் அகலம் 12 அடி, அதாவது 144 அங்குலம் என்றும், வீட்டுச் சுவரையொட்டிய மேல்விளிம்பு தாழ்விளிம்பைவிட 18 அங்குலம் உயரம் என்றும் கொண்டால், சரிவு 12.5 விழுக்காடு, கோணம் ஏறத்தாழ 7.1 பாகை. வெளிநீட்டம் நீங்கலாகக் கைமரத்தின் நீளம் 145 அங்குலத்துக்குச் சற்றே கூடுதல்.

செயலி முழுப் பாகைகளையே காட்டுவதால், இக்கூரைக்கு 7 என்று வரும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் ஏற்றம் 16.4 முதல் 19 அங்குலம் வரை எதுவாகவும் இருக்கலாம். தட்டையான கூரையில் இக்குறை பெரிதாகிறது. திரையில் 2 என்று தெரியும்போது உண்மையான ஏற்றம் 3¾ அங்குலமாகவும் இருக்கலாம், 6¼ அங்குலமாகவும் இருக்கலாம். மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வீசும் சுமத்ரா சூறைக்காற்று, மழைநீரைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடுக்குக்குள் மேல்நோக்கித் தள்ளக்கூடியது. வளைநெளித் தகட்டுக்குப் பொதுவாக 5 பாகையே கீழெல்லையாகக் கொள்ளப்படும் நிலையில், அரைப் பாகையை ஊகத்துக்கு விடுவது அடுப்பங்கரையை ஒழுக விடுவதாகும்.

ஆகவே புதுக் கூரைக்கு உயரம் குறிக்கும் வேலையில் இச்செயலியை நம்பக் கூடாது. தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாயைக் கொண்டு இரு சுவர்களிலும் சமமட்டம் குறித்து, அங்கிருந்து அளவு நாடாவால் ஏற்றத்தை அளப்பதே மேலானது. கட்டி முடித்த கூரையைச் சோதிக்கும்போதுதான் கைப்பேசி உண்மையில் பயன்படுகிறது. முதல் கைமரத்தின் சாய்வில் திரையைத் தொட்டுப் பதித்துக்கொண்டால், அடுத்தது அதே சாய்வுக்கு வரும்போது திரை பச்சையாகிறது. பெரிதும் பிசகிய மரம் உடனே தெரிந்துவிடும். ஒவ்வோர் இடத்திலும் கைப்பேசியை முனை மாற்றித் திருப்பி இன்னொரு முறை அளந்து, இரண்டின் சராசரியை எடுத்தால் கருவியின் சொந்தச் சாய்வுப் பிழை நீங்கும்.